ஒரு கண் மட்டும் தெரிந்த நாய்!

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். மஞ்சள் புடைவைக் கூட்டம், வேப்பிலை, எலுமிச்சை மாலை, கூழ்ப் பானைகள்... இத்தனைக்கும் நடுவே, ஒரு சின்னப் பொருள் உங்கள் கண்ணில் படும். அதன் பெயர் கண்மலர். தகட்டில் வடித்த இரண்டு கண்கள். வீட்டில் யாருக்காவது பார்வையில் கோளாறு என்றால், "தாயே, கண்ணைக் காப்பாத்து" என்று வேண்டிக்கொண்டு அதை வாங்கிச் செலுத்துவார்கள். கை வலிக்கும் கால் வலிக்கும் வேண்டிக்கொள்பவர்களைவிட, கண்ணுக்காக வேண்டிக்கொள்பவர்களின் முகத்தில் ஒரு கூடுதல் பயம் இருக்கும். பார்வை போவது என்பது அப்படிப்பட்ட விஷயம்.

அதிலும் 'மாலைக்கண்' என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சத்துக் குறைவால் வருவது. வைட்டமின் ஏ கொடுத்தால், முருங்கைக்கீரையும் மீன் எண்ணெயும் சேர்த்தால், பெரும்பாலும் சரியாகும். இன்னொன்று குடும்பத்தோடு வருவது. பாட்டனுக்கு இருந்தது, அப்பாவுக்கு இல்லை, திடீரென்று பேரனுக்கு வந்துவிட்டது என்பார்கள். இரவில் தடுமாறுவதில் ஆரம்பித்து, பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஆகி, பலருக்கு அதுவும் போய்விடும். இந்த இரண்டாவது வகைக்குக் கீரையும் கிடையாது, மாத்திரையும் கிடையாது என்றுதான் மருத்துவம் வெகுகாலம் கையை விரித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கையை முதன்முதலில் கொஞ்சம் மூட வைத்தது ஒரு நாய்!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பரம்பரைக் குருட்டுத்தன்மைக்கு உலகத்தில் கிடைத்த முதல் உருப்படியான சிகிச்சை, நாய்களின் கண்களுக்குள் நடந்த ஆராய்ச்சியிலிருந்துதான் வந்தது. அது எப்படி வந்தது என்பதைப் பார்ப்பதற்கு முன், நாய்களுக்கு ஏன் அந்த நோய் வந்தது என்று பார்க்க வேண்டும். அதில் மனிதனின் கைவரிசை நிறையவே இருக்கிறது.

1859-ம் ஆண்டு. டார்வின் தன் புகழ்பெற்ற புத்தகத்தை வெளியிட்ட அதே வருடம். இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தில் ஜூன் மாதம் ஒரு நாய்க் கண்காட்சி நடந்தது. இன்றைய அர்த்தத்தில் முதல் நாய்க் கண்காட்சி என்று அதைத்தான் சொல்கிறார்கள். பாயின்டர், செட்டர் என்ற இரண்டு வகை வேட்டை நாய்களுக்கு மட்டும்தான் அனுமதி. (செட்டர் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.) 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு நாய்களுக்கும் ஜாதகம் எழுதி வைக்கும் வழக்கம் வந்துவிட்டது... இந்தக் குட்டிக்கு அப்பா யார், தாத்தா யார், எத்தனை பரிசு வாங்கியது என்றெல்லாம்.

அதுவரை நாய் என்பது வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆள் மாதிரி. நன்றாக மோப்பம் பிடிக்கிறதா, ஆடு மேய்க்கிறதா, திருடனைப் பார்த்துக் குரைக்கிறதா? போதும். அதன் அப்பாவைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. கண்காட்சிகள் வந்த பிறகு நிலைமை மாறியது. காது இத்தனை அங்குலம், வால் இந்த வளைவு, நிறம் இந்தச் சிவப்பு. பதிவேட்டில் பெயர் உள்ள நாய்க்கும் பதிவேட்டில் பெயர் உள்ள நாய்க்கும்தான் சேர்க்கை. வெளி ரத்தம் உள்ளே வரக்கூடாது. கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள்!

சாத்திய கதவுக்குள் என்ன நடக்கும்? ஒரு சாம்பியன் ஆண் நாய் வந்தால் ஊரில் உள்ள எல்லோரும் தங்கள் பெண் நாயை அதனிடம்தான் கொண்டுபோவார்கள். அடுத்த தலைமுறையில் பாதிக் குட்டிகள் ஒன்றுக்கொன்று சகோதர சகோதரிகள். அதற்கும் மேலே போய், நல்ல அம்சங்களை 'நிலைநிறுத்த' அப்பாவுக்கும் மகளுக்குமே சேர்க்கை நடத்துவார்கள். இதற்கு 'லைன் பிரீடிங்' என்று ஒரு கௌரவமான பெயரும் உண்டு.

இதில் என்ன ஆபத்து என்பதைப் புரிந்துகொள்ள நம் ஊர் உதாரணம் ஒன்றே போதும். பழைய ஓலைச்சுவடிகளைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறவர் ஓரிடத்தில் கைதவறி ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து எழுதுகிறவர் அந்தத் தவறையும் சேர்த்தே எழுதுவார். உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887-ல் பதிப்பிப்பதற்கு முன், பல ஊர்ச் சுவடிகளைத் தேடிச் சேகரித்து ஒப்பிட்டுப் பார்த்தது இதனால்தான். ஒரு சுவடியில் தவறு இருந்தால் இன்னொன்றில் சரியான பாடம் கிடைத்துவிடும்.

நம் உடம்பிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள். அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. ஒன்றில் எழுத்துப்பிழை இருந்தாலும் மற்றது சரியாக இருந்தால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். பிழை இருப்பதே யாருக்கும் தெரியாது. நீங்களும் நானும் இப்படிப் பல பிழைகளை ரகசியமாகச் சுமந்துகொண்டுதான் மின்சார ரயிலில் போய்வந்துகொண்டிருக்கிறோம். பிரச்னை எப்போது? அப்பாவும் அம்மாவும் ஒரே தாத்தாவின் சுவடியிலிருந்து நகல் எடுத்தவர்களாக இருக்கும்போது! இரண்டு பிரதியிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை. ஒப்பிட்டுத் திருத்த வேறு சுவடி இல்லை. பிழையைச் சுமக்கும் இருவர் சேர்ந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு; தெரியாமல் சுமந்துபோவதற்கு நான்கில் இரண்டு.

இதை வைத்துப் பார்த்தால் செட்டர்களுக்கு என்ன ஆனது என்று நீங்களே ஊகித்துவிடலாம். ஸ்வீடனில் மாக்னுசன் என்ற ஆராய்ச்சியாளர், கார்டன் செட்டர் நாய்கள் சில இரவில் தடுமாறி, பிறகு முழுக்கவே பார்வை இழப்பதைக் கவனித்தார். அவற்றின் விழித்திரை மெல்ல மெல்லக் கருகிக்கொண்டிருந்தது. மனிதர்களுக்கு வரும் பரம்பரை மாலைக்கண் நோயின் அச்சு அசல்! 1911-ல் அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே இரண்டு விஷயங்களை இணைத்துவிட்டார். ஒன்று, விழித்திரை நோய். மற்றது, ரத்த உறவுக்குள் சேர்க்கை. ஜீன் என்ற சொல்லே அப்போதுதான் பிறந்திருந்தது, டி.என்.ஏ. என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் மனுஷன் நாடியைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

நாய் வளர்ப்பவர்கள் கேட்டார்களா? சாம்பியன் நாயின் ரத்தத்தில் குறை என்றால் பணமும் போச்சு, மானமும் போச்சு. அயர்லாந்துச் சிவப்பு செட்டர்களிலும் இதே நோய் பரவி, 1940-களில் பிரிட்டனில் பெரிய தலைவலி ஆன பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழியைக் கேட்டால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். ஒரு நாய் வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ரகசியமாகப் பிழையைச் சுமக்கிறதா என்று சந்தேகம். உடனே அதை ஒரு குருட்டு நாயோடு சேர்ப்பார்கள். குட்டிகள் பிறக்கும். அவற்றில் பார்வை இல்லாத குட்டி ஒன்று வந்தாலும் போதும், மாட்டிக்கொண்டது! எல்லாக் குட்டிகளுக்கும் பார்வை இருந்தால் நாய்க்கு நற்சான்றிதழ். குருட்டுக் குட்டிகளின் கதி? பெரும்பாலும் ஊசிதான். ஒரு தகவலைத் தெரிந்துகொள்ள ஒரு ஈற்றுக் குட்டிகள் விலை. ஆனால் அந்தக் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை என்பதும், அதனால் நோய் வெகுவாகக் குறைந்தது என்பதும் உண்மை.

அரை நூற்றாண்டு கழித்து, 1993-ல் அந்த அயர்லாந்து செட்டரின் பிழையை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய பிழை தெரியுமா? ஒரே ஓர் எழுத்து! விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தைப் பார்க்கும் செல்கள் இயங்குவதற்கு ஒரு புரதம் தேவை. அதைத் தயாரிக்கும் குறிப்பில், 807-வது இடத்தில் ஓர் எழுத்து மாறியதால் வாக்கியம் முடிவதற்கு முன்பே முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. புரதம் வால் அறுந்து பிறக்கிறது. செல்கள் சாகின்றன. அதன் பிறகு குருட்டு நாயோடு சேர்த்துப் பார்க்கும் கொடுமை தேவையில்லாமல் போனது. கொஞ்சம் ரத்தம் போதும். பின்னாளில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினாலே போதும் என்றாகிவிட்டது.

அதே பிழைபட்ட மரபணு மனிதர்களிலும் இருக்கிறது. அங்கேயும் அதே மாதிரி பார்வையைப் பறிக்கிறது. டாக்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். எலிகளிலும் இத்தகைய நோய் உண்டு. ஆனால் எலிக் கண் எத்தனூண்டு? ஒரு மிளகு அளவுகூட இருக்காது. நாயின் கண் கிட்டத்தட்ட நம் கண் அளவு. மனிதக் கண்ணில் செய்யவேண்டிய ஆபரேஷனை நாயின் கண்ணில் ஒத்திகை பார்க்கலாம்!

இந்த ஒத்திகையின் கதாநாயகன் பிரியார்ட் என்ற பிரெஞ்சு ஆட்டு நாய். உடம்பு முழுக்க நீளமான ரோமம், நெற்றியிலிருந்து வழிந்து கண்ணையே மூடியிருக்கும். 'இதற்குக் கண் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன' என்று கிண்டல் செய்யத் தோன்றும். 1989-ல் கிறிஸ்டினா நார்ஃப்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் நாட்டுக் கால்நடைக் கண் மருத்துவர், சில பிரியார்ட் நாய்கள் பிறவியிலேயே இருட்டில் பார்வை இல்லாமல் இருப்பதைக் கண்டுபிடித்து எழுதினார். சிலவற்றுக்குப் பகலிலும் சரியாகத் தெரியவில்லை. 1998-ல் அமெரிக்காவில் குஸ்டாவோ அகிர்ரே குழுவினர் பிழையைப் பிடித்தார்கள். ஆர்பிஇ-65 என்ற மரபணுவில் நான்கு எழுத்துகள் காணோம். பல தேசத்து பிரியார்ட்களிலும் அதே நான்கு எழுத்துகள். அதாவது, எல்லாமே ஏதோ ஒரு மூதாதை நாயின் சுவடியிலிருந்து எடுத்த நகல்கள்!

இந்த மரபணுவின் வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் கதையின் சாவி இங்கேதான் இருக்கிறது. உங்கள் விழித்திரை செல்களில் வைட்டமின் ஏ-யிலிருந்து தயாரான ஒரு சரக்கு இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் அது தீக்குச்சி மாதிரி உரசிக்கொண்டு, 'வெளிச்சம் வந்திருக்கு' என்று செய்தி அனுப்புகிறது. எரிந்த குச்சியால் மறுபடி பிரயோஜனமில்லை. அதைப் பின்னால் உள்ள ஒரு திசுவுக்கு அனுப்பி, மறுபடி புதுக் குச்சியாக்கித் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டறையின் முக்கியமான தொழிலாளிதான் ஆர்பிஇ-65. அவர் வேலைக்கு வரவில்லை என்றால்? விழித்திரை இருக்கிறது, நரம்பு இருக்கிறது, மூளை இருக்கிறது. குச்சி மட்டும் இல்லை. எத்தனை கட்டு முருங்கைக்கீரை சாப்பிட்டாலும் பயனில்லை. சரக்கு வந்து இறங்கும், பட்டறை பூட்டிக் கிடக்கும்.

இதிலே ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா? செட்டர் நாயில் செல்கள் சீக்கிரமே செத்துப்போகின்றன. பிரியார்டிலோ செல்கள் வெகுகாலம் உயிரோடு, குச்சிக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன. தொழிலாளியை மட்டும் எப்படியாவது உள்ளே அனுப்பிவிட்டால் போதும்.

மனிதர்களிலும் இதே நோய் உண்டு. 1869-ல் தியோடர் லீபர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் விவரித்த பிறவிக் குருட்டுத்தன்மையில் ஒரு பிரிவினருக்கு இதே ஆர்பிஇ-65 கோளாறு என்று 1997-ல் தெரியவந்தது. பிலடெல்ஃபியாவில் ஒரு டாக்டர் தம்பதி. கணவர் ஆல்பர்ட் மக்வயர், விழித்திரை அறுவைச் சிகிச்சை நிபுணர். மனைவி, மரபணு சிகிச்சையில் ஆராய்ச்சி செய்பவர். அவர் பெயரே ஜீன். ஜீன் பென்னட்! இவர்களும் அகிர்ரேயும், கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிரிகோரி ஆக்லண்டும், இன்னும் பலரும் கைகோத்தார்கள். நோய் செய்யாத ஒரு வைரஸை எடுத்து, அதன் பைக்குள் சரியான மரபணுவை வைத்து, கொரியர் பையன் மாதிரி விழித்திரைக்கு அடியில் அனுப்புவது என்று திட்டம்.

2000-ம் ஆண்டில் மூன்று நாய்க்குட்டிகளுக்குச் செய்தார்கள். அதில் ஒன்று லான்ஸலாட். ஒரு கண்ணில் மட்டும் விழித்திரைக்கு அடியில் அந்த மருந்து. மற்ற கண் அப்படியே, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. சிறிது காலம் கழித்து, மங்கலான வெளிச்சத்தில் ஓர் அறையில் சாமான்களை இறைத்து வைத்து லான்ஸலாட்டை நடக்கவிட்டார்கள். நேரே இருந்ததைச் சுற்றிக்கொண்டு போனது. வலப்பக்கம் இருந்ததில் இடிக்காமல் விலகியது. இடப்பக்கம் இருந்தவற்றில் மட்டும் முட்டிக்கொண்டது. ஆமாம்... சிகிச்சை செய்தது வலது கண்ணில்!

இதைப் படித்தபோது எனக்கு நம் பக்கத்துக் கதை ஒன்றுதான் உடனே ஞாபகம் வந்தது. திருவேற்காட்டுக்கு வடக்கே சில கிலோமீட்டரில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே, திருமுல்லைவாயில். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை மீறிப் புறப்பட்ட சுந்தரர், இரண்டு கண்ணும் தெரியாமல் தட்டுத்தடுமாறி வந்து பாடிய தலம். பெரியபுராணக் கதைப்படி அவருக்கும் ஒரே தவணையில் பார்வை கிடைக்கவில்லை. காஞ்சிபுரத்தில் இடது கண், திருவாரூரில் வலது கண். ஒற்றைக் கண்ணோடு காஞ்சியிலிருந்து திருவாரூர் வரை அவர் நடந்த நடையை லான்ஸலாட்டுக்குத்தான் புரிந்திருக்கும்!

2001-ல் ஆராய்ச்சி முடிவு வெளியானதும் லான்ஸலாட் பிரபலமாகிவிட்டது. அமெரிக்க நாடாளுமன்ற வளாகத்துக்கே அழைத்துப்போய் உறுப்பினர்களுக்கு அறிமுகம் செய்தார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி ஆயிரம் பக்க அறிக்கை கொடுப்பதைவிட, வாலாட்டிக்கொண்டு நிற்கும் நாய் சக்தி வாய்ந்தது அல்லவா!

ஆனால் லான்ஸலாட்டின் புகழுக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ நாய்கள் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த ஆராய்ச்சிக்காக வேண்டுமென்றே குருடாகப் பிறக்கும்படி தலைமுறை தலைமுறையாக நாய்களை வளர்த்தார்கள். எல்லாவற்றுக்கும் பார்வை திரும்பவில்லை. விழித்திரையைச் சோதிப்பதற்காகவே உயிர்விட்டவையும் உண்டு. பலனைப் பார்த்துவிட்டு, 'அதனாலென்ன' என்று தாண்டிப்போக எனக்கு மனசு வரவில்லை. பலனைப் பார்த்த பிறகு, 'செய்திருக்கவே கூடாது' என்று சொல்லவும் வாய் வரவில்லை.

பலன் இதுதான். 2007-ல் லண்டனிலும் பிலடெல்ஃபியாவிலும் மனிதர்களுக்கு அந்த மருந்தைச் செலுத்தினார்கள். 2008 ஏப்ரலில் இரண்டு குழுவும் முடிவுகளை வெளியிட்டன. ஒவ்வொன்றிலும் மூன்றே மூன்று பேர். ஆபத்து இல்லை, ஓரளவு முன்னேற்றமும் இருக்கிறது என்று தெரிந்தது. அதே வருடம் பிலடெல்ஃபியாவில் 8 வயதுப் பையன் ஒருவனுக்கு ஒரு கண்ணில் சிகிச்சை. நான்கு நாள் கழித்து மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பறந்த ராட்சத பலூனை அண்ணாந்து பார்த்தவன் அலறினான். வெயில் கண்ணைக் கூசியது! பிறந்ததிலிருந்து அவனுக்கு வெயில் கூசியதே இல்லை. கண் கூசுகிறது என்று ஒரு பிள்ளை அலறியதற்குப் பெற்றவர்கள் சந்தோஷப்பட்டது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

பிறகு 31 பேரை வைத்துப் பெரிய பரிசோதனை. எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? தரையில் அம்புக்குறி போட்டு, நடுவே தடைகளை வைத்து, வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்து, 'இடிக்காமல் நடந்து வாருங்கள்' என்றார்கள். லான்ஸலாட் எழுதிய அதே பரீட்சை! 2017 டிசம்பரில் அமெரிக்க அரசு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. பெயர், லக்ஸ்டர்னா. பரம்பரை நோய் ஒன்றுக்காக உடம்புக்குள் நேரடியாகச் செலுத்த அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மரபணு மருந்து. 2018 ஜனவரியில் விலையை அறிவித்தார்கள். ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர். இரண்டு கண்ணுக்கு, அன்றைய மதிப்பில் நம்ம ஊர்ப் பணம் ஐந்து கோடிக்கு மேல்! நோயாளிகள் அமெரிக்கா முழுக்கவே 1,000-லிருந்து 2,000 பேர்தான், அதனால் விலை ஏறிப்போயிற்று என்று விளக்கம். தவிர, இது முழு வெற்றியும் இல்லை. பார்வை மேம்பட்டவர்களிலும் விழித்திரை செல்கள் உள்ளே தொடர்ந்து அழிந்துகொண்டிருப்பதாக 2013-ல் ஓர் ஆய்வு எச்சரித்தது. சீக்கிரம் செய்தால்தான் நல்லது என்கிறார்கள்.

இதுவரை சொன்னது மனிதனில் கண்டுபிடித்ததை நாயில் சரிபார்த்த கதை. தலைகீழாகவும் ஒன்று நடந்திருக்கிறது. பூடில், காக்கர் ஸ்பேனியல், நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் லாப்ரடார் என்று பல ஜாதி நாய்களில் ஒரு விழித்திரை நோய் உண்டு. குருட்டுப் பூடிலையும் குருட்டு காக்கரையும் சேர்த்தால் எல்லாக் குட்டிகளுமே குருடு. ஆக, வேறு வேறு ஜாதி என்றாலும் பிழை ஒன்றே; ஜாதிகள் பிரிவதற்கு முன்பே வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் சொத்து. அந்த மரபணு எது? அகிர்ரே, ஆக்லண்ட் குழு வருடக்கணக்காகத் தேடியது. சாமிநாதையர் பாணிதான். பத்துக்கும் மேற்பட்ட ஜாதிகளின் 'சுவடி'களை அடுக்கி வைத்து, எல்லா நோயாளிகளிலும் பொதுவாக உள்ள பகுதியைச் சுருக்கிச் சுருக்கிக்கொண்டே வந்தார்கள். 2005-ல் டாஷா என்ற பாக்ஸர் ஜாதிப் பெண் நாயின் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது கைகொடுத்தது. (டாஷாவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து, அதன் இரண்டு பிரதியும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்ததாம். படிக்கச் சுலபம்!) 2006-ல் கண்டுபிடித்தே விட்டார்கள். அதுவரை உலகில் யாருக்குமே தெரியாத ஒரு மரபணு. அதிலும் ஒரே ஓர் எழுத்துதான் மாற்றம்.

பிறகு மனித நோயாளிகளிடம் தேடினார்கள். அச்சுப் பிசகாமல் அதே எழுத்து, அதே இடத்தில், இரண்டு பிரதியிலும் மாறியிருந்த ஒருவர் கிடைத்தார். அவர் வங்கதேசத்துக்காரர்! காக்கர் ஸ்பேனியலுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தனித்தனியாக நடந்த ஒரே எழுத்துப்பிழை. ஆனால் நாய் இல்லாவிட்டால் அவருடைய நோய்க்குப் பெயரே கிடைத்திருக்காது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். நாய்களின் கதவடைப்பைப் பற்றி வாய் கிழியப் பேசிவிட்டு நம்மைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? 'சொத்து வெளியே போகக்கூடாது', 'பொண்ணு கண்ணு முன்னாலேயே இருக்கட்டும்' என்று அத்தை மகனுக்கும் அக்காவின் கணவரல்ல, அக்காவின் தம்பிக்கும் பெண் கொடுக்கிற பழக்கம் நமக்கு உண்டு. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 28 திருமணங்கள் சொந்தத்துக்குள். கணக்கு இதுதான். அத்தை மகன் - மாமன் மகள் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு, சுவடியின் பதினாறில் ஒரு பங்கு இரண்டு பக்கமும் ஒரே நகலாக வர வாய்ப்பு. தாய்மாமன் - அக்கா மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. நாய் வளர்ப்பவர் அப்பாவுக்கும் மகளுக்கும் சேர்க்கை நடத்தினால் நாலில் ஒரு பங்கு. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கிறார்கள், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் பையனுக்கு இருட்டில் தெரியவில்லை என்று அழைத்துப்போனால், கண் டாக்டர் முதலில், "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்பது வம்புக்காக அல்ல. நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்திலும் மரபணு ஆய்வுக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அம்மனுக்குக் கண்மலரைச் செலுத்துங்கள். அப்படியே அங்கேயும் ஒரு நடை போய்வாருங்கள்.

நாய் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை வெளியிட்டார்கள். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபியல் மையத்தின் பதிவேட்டிலும் ஏறிவிட்டன. சைதாப்பேட்டையில் தமிழக அரசு 1980-81-லேயே நாட்டு நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. நம் நாய்களுக்கு மறுபடி மவுசு வந்திருப்பது சந்தோஷம்தான். ஆனால் மவுசு வந்தால் கூடவே 'சுத்த வெள்ளையா இருக்கணும், மூக்கு ரோஸ் கலரா இருக்கணும்' என்பதும் வந்துவிடுகிறது. ராஜபாளையத்தின் பால்வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு ஒட்டிக்கொண்டு வருவதை அதை வளர்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள். எண்ணிக்கையில் குறைந்த ஓர் இனத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நாலைந்து 'அழகான' நாய்களை வைத்தே குட்டி எடுத்தால், செட்டருக்கும் பிரியார்டுக்கும் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். லாப்ரடார் குட்டி வாங்குகிறவர்கள் விலையைப் பேரம் பேசுவதோடு, "அப்பா அம்மாவுக்குக் கண் டெஸ்ட் எடுத்தீங்களா?" என்றும் கேட்டுப் பாருங்கள். விற்பவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.

இந்த விஷயத்தில் கவலையே இல்லாத ஆசாமி ஒருவர் இருக்கிறார். திருவேற்காடு பஸ் ஸ்டாண்டில், நிழல் பார்த்துச் சுருண்டு படுத்திருக்கும் தெருநாய். அப்பா யார், தாத்தா யார் என்று அவருக்கே தெரியாது. அவரிடமும் எழுத்துப்பிழைகள் உண்டு. ஆனால் ஒரே பிழை இரண்டு பக்கமும் வந்து சேருவது அபூர்வம். ராத்திரி பத்து மணிக்குத் தெருவிளக்கு இல்லாத சந்தில் நீங்கள் தடவித் தடவி நடக்கும்போது, தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டு குரைப்பாரே... அவரேதான்!